விசிட்டிங் கார்டில் எந்த ஊர்? அமெரிக்காவில் அலுவலகம் தேடும் கரூர் ஏற்றுமதியாளர்களுக்கு

கிச்சன் டவல், ஏப்ரன், டேபிள் கிளாத் என்று ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனங்கள் கரூரில் நிறைய. வெளிநாட்டுக் கடைகளுக்காக இங்கே சரக்கு வாங்கித் தரும் பையிங் ஏஜென்சியை நம்பியே இத்தனை வருஷம் ஓட்டியாயிற்று, இனி அமெரிக்காவில் சொந்தமாக ஓர் ஆபீஸும் சின்ன ஷோரூமும் போடலாம் என்று சிலர் துணிந்திருக்கிறார்கள். எந்த ஊரில் போடுவது என்று என்னிடம் கேட்பார்கள். கேட்கும்போதே பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "நியூயார்க்குன்னு கார்டுல போட்டாத்தானுங்க ஒரு மதிப்பு."

அந்தப் பேச்சைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஓர் ஊரின் பெயருக்கு வெளிநாட்டில் விலை உண்டு. ஆனால் அந்த விலை எதனால் ஏறியது, அதில் துணி வியாபாரிக்கு என்ன பங்கு என்று பார்த்துவிட்டு வாடகை கொடுப்பது நல்லது. அமெரிக்க ஊர்களில் சிலவற்றைப் படத்திலும் செய்தியிலும் பார்த்துப் பார்த்து உலகமே அறிந்துவைத்திருக்கிறது. வேறு சில ஊர்களின் பெயரைக்கூட இங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே ஒரு மீட்டிங் அறையில் முடிவாகும் ஆர்டருக்காகக் கரூரிலும் டாக்காவிலும் தறிகள் காத்துக்கிடக்கும். இந்த இரண்டு குணமும் சேர்ந்து அமைந்த ஊர் மிகக் குறைவு.

முடிவு எடுக்கும் இடம் என்றால் என்ன என்பதற்கு வாஷிங்டனைப் பார்த்தால் போதும். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குமேல் கூடுதல் வரி 50 சதவீதமானபோது, கரூரில் பேக்கிங் முடிந்து நின்ற அட்டைப்பெட்டிகளின் கதி ஒரே நாளில் மாறியது. அதன்பிறகு வரி ஏறினாலும் இறங்கினாலும் அதை ஏற்றி இறக்கும் ஊர் அதுதான். அதற்காக அங்கே போய் டவல் கடை விரிக்க யாரும் நினைப்பதில்லை. ஓர் ஊர் உலகத்துக்கு முக்கியமாக இருக்கலாம், நம் வேலைக்கு அங்கே இடமில்லாமலும் போகலாம். இதை நினைவில் வைத்துக்கொண்டு மற்ற ஊர்களைப் பார்ப்போம்.

நியூயார்க்கிலிருந்தே தொடங்குவோம். 1825-ல் ஈரி கால்வாய் திறந்ததும் உள்நாட்டு ஏரிப் பகுதிகளின் விளைச்சலில் பெரும்பகுதி அந்தத் துறைமுகம் வழியாகத்தான் கடலுக்கு வந்தது. கப்பல் வந்த இடத்துக்கு வங்கி வந்தது, இன்சூரன்ஸ் வந்தது, பத்திரிகை வந்தது. ஒருமுறை பெயர் எடுத்துவிட்ட ஊருக்கு அடுத்த பெருமையும் தானாக வந்து சேர்கிறது என்பதற்கு ஐ.நா. கதை நல்ல சாட்சி. 1946-ல் தலைமையகத்துக்கு பிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ, பாஸ்டன் எல்லாம் போட்டியில் இருந்தன. ஐ.நா. சாசனத்தில் கையெழுத்தானதே சான் பிரான்சிஸ்கோவில்தான். டிசம்பரில் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர் 85 லட்சம் டாலர் கொடுத்து, மன்ஹாட்டனில் இறைச்சிக் கூடங்கள் இருந்த ஆற்றோர நிலத்தை வாங்கித் தருகிறேன் என்றார். சில நாட்களிலேயே பொதுச்சபை ஒப்புக்கொண்டுவிட்டது. பிலடெல்பியாவுக்கு விமானம் ஏறுகிறவர் இன்று அதை உலகத் தலைநகராக நினைத்துப் போவதில்லை. அன்று காசோலை வேறு பக்கம் திரும்பியிருந்தால் நினைத்திருப்பாரோ என்னவோ.

ஏற்றுமதிக்காரர்கள் கவனிக்க வேண்டிய திருப்பம் 1956-ல் வந்தது. ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 கன்டெய்னர்களோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கன்டெய்னரை அடுக்க விரிந்த தரை வேண்டும். மன்ஹாட்டனில் அது கிடையாது. துறைமுக வேலை ஆற்றைத் தாண்டி நியூஜெர்சிப் பக்கம், நியூவார்க், எலிசபெத் என்று போய்விட்டது. இன்றும் உங்கள் பில் ஆஃப் லேடிங்கில், அதாவது கப்பல் சரக்கு ரசீதில், இறக்கும் துறைமுகம் நியூயார்க் என்றே இருக்கும். பெட்டி இறங்குவது பெரும்பாலும் நியூஜெர்சியில். வேலை இடம்பெயர்ந்த பிறகும் பெயர் பழைய முகவரியிலேயே தங்கிவிட்டது.

வீட்டுத் துணி வியாபாரத்திலும் ஏறக்குறைய அதே நிலைதான். ஐந்தாம் அவென்யூவில் முப்பதாம் தெருவை ஒட்டிய கட்டடங்களில் ஹோம் டெக்ஸ்டைல் ஷோரூம்கள் தலைமுறைகளாக இருந்தவை. மார்க்கெட் வீக் என்ற கொள்முதல் வாரம் வந்தால் பெரிய சங்கிலிக்கடைகளின் பையர்கள் வரிசையாக அப்பாயின்ட்மென்ட் வைத்துக்கொண்டு வருவார்கள். அரைமணி நேரம்தான். மேசைமேல் தட்டு, கிண்ணம், நாப்கின் எல்லாம் விரித்து வைத்திருப்பீர்கள்; அவர் துணியை அவ்வளவாகத் தொடவே மாட்டார். அடுத்த வசந்தத்துக்கு என்ன கலர், டெஸ்டிங் ரிப்போர்ட் எங்கே, ஆலையின் சோஷியல் ஆடிட் (தொழிலாளர் நிலைமை பற்றிய தணிக்கை) எப்போது முடிந்தது, விலையில் இன்னும் நான்கு சென்ட் குறையுமா என்பார். அதன்பின் அவர் விமானம் ஏறித் தன் ஊருக்குப் போய்த்தான் ஆர்டரை முடிவு செய்வார். மேசிஸ் போன்ற ஒன்றிரண்டு சங்கிலிக்கடைகளின் தலைமையகங்கள் நியூயார்க்கிலேயே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நியூஜெர்சியின் யூனியன் என்ற ஊரில் இருந்த பெட் பாத் அண்ட் பியாண்ட் என்ற வீட்டுச் சாமான் சங்கிலிக்கடை 2023-ல் திவால் மனு போட்டதோடு, நம் சரக்குக்கு அந்த வட்டாரத்தில் இருந்த பெரிய காரணம் ஒன்று குறைந்துபோனது. வருஷத்தில் இரண்டு வாரம் பையர் வருகிற ஊருக்குப் பன்னிரண்டு மாத வாடகை கட்ட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. மார்க்கெட் வீக்குக்கு ஒரு தற்காலிக அறை எடுத்தாலே நியூயார்க்கில் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹாலிவுட் இருக்கிறது, 1932, 1984 ஒலிம்பிக் நடத்தி 2028-க்கும் உரிமை வாங்கிய ஊர், பக்கத்து லாங் பீச்சையும் சேர்த்தால் அமெரிக்காவின் மிகப்பெரிய கன்டெய்னர் வாசல். ஆனால் அந்த வாசல் பசிபிக்கைப் பார்த்தது, சீனா, வியட்நாம் சரக்குக்குத் தோதானது. தூத்துக்குடியில் ஏறி, பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறும் நம் பெட்டி மேற்கே போய் அமெரிக்காவின் கிழக்குக் கரையில்தான் இறங்கும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியபோது கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. அப்போதும் போய்ச் சேர்ந்தது கிழக்குக் கரைக்கே. உலகத்தில் எந்தக் குழந்தைக்கும் தெரிந்த ஊர் என்பதற்காக நாம் எதிர்க்கரையில் போய் உட்கார முடியாது.

சிகாகோமேல் எனக்கு ஒரு தனிப் பிரியம், ஒளிப்பதில் பயனில்லை. நியூயார்க்குக்கு அடுத்து நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த அமெரிக்க ஊர் அதுவாகத்தான் இருக்கும். 1893-ல் உலகச் சமயப் பேரவை அங்கே கூடியது. விவேகானந்தர் அதற்குப் போக, சென்னையில் அவருடைய அன்பர்கள் வீடு வீடாகப் பணம் திரட்டினார்கள். அதே ஊரில் 1886 மே மாதம் எட்டு மணி நேர வேலைக்காக நடந்த போராட்டத்திலிருந்துதான் மே தினம் பிறந்தது. 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் அதைக் கொண்டாடினார். ஆச்சரியம் என்னவென்றால் அமெரிக்காவில் தொழிலாளர் தினம் செப்டம்பரில். ஓர் ஊர் தன் நாட்டுக்குள் பெரிதாகக் கொண்டாடாத ஒன்றை வெளிநாட்டார் எடுத்துக்கொண்டு அந்த ஊரை நினைவில் வைத்திருக்கிறார்கள். விளம்பரக் கம்பெனி எதுவும் செய்து தந்துவிட முடியாத புகழ் இது.

புகழை விடுங்கள், வேலைக்கு வருவோம். 1848-ல் தொடங்கிய சிகாகோ போர்டு ஆஃப் டிரேட் என்ற தானியச் சந்தையில் சோயா விலை அசைந்தால் நம் ஊர் எண்ணெய்க்கடைவரை அசையும். அமெரிக்காவின் பெரிய சரக்கு ரயில் நிறுவனங்கள் எல்லாம் வந்து கூடும் சந்தி அது. நாட்டின் ரயில் சரக்கில் கால்வாசி அந்த வட்டாரத்தைத் தொட்டுத்தான் போகிறது என்பார்கள். நமக்கு நேரடியாகப் பயன்படுவது மெக்கார்மிக் பிளேஸ் என்ற கண்காட்சி வளாகத்தில் மார்ச் மாதம் நடக்கும் ஹவுஸ்வேர்ஸ் கண்காட்சி. பாத்திரம், அடுப்பு சாமான் வாங்க வரும் பையர்களே பாட் ஹோல்டர், ஏப்ரன், டவலும் பார்ப்பார்கள். சங்கிலிக்கடைகளில் கிரேட் அண்ட் பேரல் தலைமையகம் சிகாகோவை ஒட்டிய நார்த்புரூக்கில். மினியாபோலிஸில் டார்கெட், மில்வாக்கி பக்கம் மெனோமனி ஃபால்ஸில் கோல்ஸ். இரண்டுக்கும் சிகாகோவிலிருந்து சுலபமாகப் போய்வரலாம். கிச்சன் துணி மட்டுமே செய்யும் நிறுவனம், கையில் இரண்டு மூன்று பெரிய பையர்கள் என்றால் சிகாகோவுக்கு எதிராக என்னால் வாதாட முடியாது. துறைமுகம் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. கடற்கரையில் இறங்கிய பெட்டி ரயிலேறி வர வேண்டும், கூடுதல் நாட்களும் கூடுதல் செலவும் விலையில் ஏறும்.

இனி பெயர் தெரியாத ஊர். ஆர்கன்சாவில் பென்டன்வில். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 54,000; கரூரைவிடச் சிறியது. 1950-ல் சாம் வால்டன் அங்கே ஒரு சில்லறைக் கடை திறந்தார், 1962-ல் பக்கத்து ஊரான ராஜர்ஸில் முதல் வால்மார்ட். இன்றும் தலைமையகம் அங்கேதான். உலகெங்கும் உள்ள சப்ளையர்கள் அதைச் சுற்றி ஆபீஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் உள்ளூர்க்காரர்கள் அதற்கு 'வென்டர்வில்' என்றே செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். இந்தியாவிலிருந்து வாங்கும் சரக்கை 2027-க்குள் ஆண்டுக்கு 1,000 கோடி டாலராக்குவோம் என்று வால்மார்ட் 2020-ல் அறிவித்தபோது, கரூரில் பலர் அமெரிக்க வரைபடத்தில் அந்த ஊரைத் தேடினார்கள். திரைப்படமில்லை, கடலில்லை, ஒலிம்பிக் இல்லை. ஒரே ஒரு கம்பெனியின் வாங்கும் கை இருக்கிறது. உலகம் அறிந்த ஊர் என்ற பட்டியலில் அதைச் சேர்க்க மாட்டார்கள். உலகத்தின் பாதித் தொழிற்சாலைகளிடம் கேட்டால் முதலில் சொல்லும் பெயர் அதுவாக இருக்கும்.

அங்கே ஆபீஸ் போடலாமா? உங்கள் விற்பனையில் பாதிக்குமேல் அந்த ஒரு பையர் என்றால் போடலாம், போட்டே ஆக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். பையர் கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் சாம்பிளோடு போய் நிற்பது பெரிய பலம். ஆனால் பையரின் டீம் மாறினாலோ, உங்கள் சரக்கு வரிசையைக் கைவிட்டாலோ, அந்த ஊரில் அடுத்துத் தட்டக் கதவு இல்லை. நடுத்தர நிறுவனம் ஒன்று ஒரே கிளையில் முழு எடையையும் தொங்கவிடுவது எனக்குச் சம்மதமில்லை. டி.ஜே.எக்ஸ். என்ற சங்கிலிக்கடை நிறுவனம் இருக்கும் பாஸ்டன் பக்கத்து ஃப்ரேமிங்ஹாமுக்கும், காஸ்ட்கோ என்ற மொத்தக்கடை நிறுவனம் இருக்கும் சியாட்டில் பக்கத்து இஸகுவாவுக்கும் இதையே சொல்வேன்.

மிச்சம் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா. கரூர்க்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் முகத்தில் ஓர் உற்சாகமும் வராது. 1886-ல் கோகோ கோலா பிறந்த ஊர், மார்ட்டின் லூதர் கிங் பிறந்த ஊர், 1980-ல் சி.என்.என். தொடங்கிய ஊர், 1996 ஒலிம்பிக் நடந்த ஊர் என்று சொன்னால், "ஓ, அதெல்லாம் அங்கதானுங்களா?" என்பார்கள். அட்லாண்டாவின் சரக்கு உலகம் முழுக்கப் போய்விட்டது; ஊர்ப்பெயர் கூடவே போகவில்லை. அதன் விமான நிலையத்துக்கு ஆண்டுக்கு 10 கோடிப் பேருக்குமேல் வந்துபோகிறார்கள். 1998 முதல், 2020 ஒன்றைத் தவிர, உலகத்திலேயே அதிகப் பயணிகள் வரும் விமான நிலையம் அதுதான். பெரும்பாலோர் விமானம் மாறிப் போய்விடுகிறவர்கள், ஊருக்குள் கால் வைப்பதில்லை.

இத்தனை பேர் வந்துபோகும் வசதியைக் கொண்டு அந்த ஊர் கட்டிய விஷயம்தான் நமக்கு வேண்டியது. 1961-ல் ஜான் போர்ட்மன் என்ற கட்டடக் கலைஞர் நகர மையத்தில் ஒரு மெர்ச்சண்டைஸ் மார்ட் கட்டினார். அது வளர்ந்து வளர்ந்து, பாலங்களால் இணைந்த பல கட்டடங்களாக, இன்று அமெரிக்காஸ்மார்ட் என்ற பெயரில் நிற்கிறது. ஜனவரியிலும் கோடையிலும் கிஃப்ட் அண்ட் ஹோம் மார்க்கெட். இந்தியக் கம்பளக்காரர்கள் பலர் ஏற்கெனவே அங்கே கடை விரித்திருக்கிறார்கள். கம்பளத் தொழிலுக்குப் பேர்போன டால்டன் அதே மாநிலத்தில்தான். நம் வீட்டுத் துணிக்காரர்கள்தான் தாமதம்.

அந்த மார்க்கெட்டுக்கு வரும் பையர் வேறு ரகம். டென்னசியிலோ அலபாமாவிலோ ஒற்றைக் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் உங்கள் பூத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். டீ டவலை எடுப்பார், முதலில் பார்ப்பது பிரிண்டை. அடுத்து திருப்பிப்போட்டு ஹெம் தையலைக் கட்டைவிரலால் தடவுவார். மூலையில் மாட்டுவதற்கு லூப் இருக்கிறதா என்று தேடுவார். கேர் லேபிளைப் படிப்பார். "கேஸ் பேக் எத்தனை?" என்பார், அதாவது குறைந்தது எத்தனை துண்டு சேர்த்து வாங்க வேண்டும் என்று; ஆறு என்றால் முகம் மலரும், நாற்பத்தெட்டு என்றால் துணியை மடித்து வைத்துவிடுவார். கடைசிக் கேள்விதான் முக்கியம்: "எங்கிருந்து ஷிப் ஆகும்?" இந்தியாவிலிருந்து என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பூத்துக்குப் போய்விடுவார். ஜார்ஜியாவில் வேர்ஹவுஸ், மூன்று நாளில் வரும் என்றால் அங்கேயே நின்று இரண்டு டஜன் எழுதுவார். இரண்டு டஜன் என்று அலட்சியம் வேண்டாம். இதே சரக்குக்குச் சங்கிலிக்கடை தரும் விலையையும் அந்த அம்மா தரும் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த வேர்ஹவுஸுக்கு ஏற்ற துறைமுகமும் பக்கத்தில். சவானா சுமார் 250 மைல், லாரி ஒரே நாளில் வந்துவிடும். அங்குள்ள கார்டன் சிட்டி டெர்மினல், ஒரே நிர்வாகத்தின்கீழ் இயங்கும் கன்டெய்னர் முனையங்களில் வட அமெரிக்காவிலேயே பெரியது. ஹோம் டிப்போ தலைமையகமும் அட்லாண்டாவில் இருக்கிறது, இந்தியத் துணைத் தூதரகமும் இருக்கிறது. கத்தார் ஏர்வேஸில் தோஹா மாறினால் நேராக அங்கேயே போய் இறங்கலாம்.

ஹூஸ்டன், டல்லஸ் என்று சிலர் இழுப்பார்கள். ஹூஸ்டன் எண்ணெய்க்கும் விண்வெளிக்கும் மருத்துவத்துக்கும் பெரிய ஊர். நிலவில் இறங்கியதும் ஆம்ஸ்ட்ராங் பெயர் சொல்லி அழைத்த ஊர் அது. வால்வும் பம்பும் விற்கிற கோயம்புத்தூர்க்காரர் அங்கேதான் போக வேண்டும், டவல்காரர் போக வேண்டியதில்லை. டல்லஸ் மார்க்கெட் சென்டர் அட்லாண்டாவுக்குப் போட்டி. தெற்கு மத்திய மாநிலங்களைப் பிடிக்க இரண்டாவது கட்டத்தில் யோசிக்கலாம். லாஸ் வேகாஸிலும் ஹோம் மார்க்கெட் உண்டு, ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அவ்வளவு போதும்.

கார்டு கௌரவம் கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் மிகப்பெரிய 500 கம்பெனிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பதிவாகியிருப்பது டெலவேர் என்ற குட்டி மாநிலத்தில். அதன் பெரிய ஊரான வில்மிங்டனை நீங்களோ நானோ படத்தில் பார்த்ததில்லை. யாரும் அந்தக் கம்பெனிகளை மதிக்காமல் இல்லை. பையர் உங்கள் கார்டில் பார்ப்பது அமெரிக்க போன் நம்பரையும், அழைத்தால் அவர் ஊர் நேரத்தில் யாராவது எடுக்கிறார்களா என்பதையும்தான்.

ஆகவே என் வரிசை இது. நான்கைந்து சுமாரான பையர்களும், சொந்த டிசைனில் விற்கும் ஆசையும் இருந்தால் அட்லாண்டா. சரக்கு முழுக்க சமையலறைத் துணி, வாங்குவது சிகாகோவைச் சுற்றியுள்ள மேற்கு மத்திய மாநிலங்களின் பெரிய கடைகள் என்றால் சிகாகோ. ஒரே பையரின் தயவில் ஓடும் நிறுவனம் என்றால் அந்தப் பையரின் ஊர், அது வரைபடத்தில் எவ்வளவு சின்னப் புள்ளியாக இருந்தாலும். நியூயார்க்குக்கு மார்க்கெட் வீக்குக்கு மட்டும்.

அட்லாண்டா என்று முடிவானாலும் எடுத்தவுடன் ஐந்து வருஷ லீஸ் போட வேண்டாம். அங்கே நிரந்தர ஷோரூம் வைத்துப் பல கம்பெனிகளின் சரக்கு வரிசையைக் கமிஷனுக்கு விற்கும் ரெப் குரூப்கள் உண்டு. முதல் சீசனில் டெம்பரரி பூத் எடுத்து, வருகிற கூட்டத்தையும் எழுதுகிற ஆர்டரையும் பாருங்கள். அடுத்த சீசனில் ஒரு ரெப் குரூப்போடு பேசுங்கள். சொந்த ஷோரூம் அதற்குப் பிறகு. ஜனவரி மார்க்கெட் என்றால் சாம்பிள் மட்டுமல்ல, விற்கிற சரக்கும் அதற்குள் ஜார்ஜியா வேர்ஹவுஸில் இருக்க வேண்டும். அப்படியானால் தீபாவளி போனஸ் கொடுப்பதற்குள் பெட்டி தூத்துக்குடியைத் தாண்டியிருக்க வேண்டும். பூத்தில் நிற்கப்போகிறவருக்கு விசா இன்டர்வியூ தேதி இன்னும் எடுக்கவில்லை என்றால் அதை முதலில் எடுங்கள்.